அசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி

குக்கரின் காஸ்கெட் தளர்ந்துவிட்டது. கடைக்குப் போய்க் கேட்டால், "அந்தக் கம்பெனிச் சரக்கு இல்லையம்மா. இதுவும் அதே அளவுதான், தாராளமாய்ப் போடலாம்" என்று வேறொன்றை எடுத்து நீட்டுகிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து போட்டால் மூடி மூடிக்கொள்கிறது. ஆனால் விசில் வருவதற்குப் பதில் ஓரத்தில் ஆவி சீறுகிறது! 'அதே அளவு' என்பதற்கும் 'அதே சாமான்' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிகிறது.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவதும் இதே சங்கடத்தைத்தான். சமையலறையில் அல்ல, அமெரிக்காவில், பழைய மோட்டார்களைப் பிள்ளைபோல் சீராட்டுகிறவர்களின் கார் ஷெட்டில்!

1960-களில் அங்கே ஒரு புது ரகக் கார் புறப்பட்டது. நடுத்தர அளவு உடம்பு. உள்ளே பெரிய காருக்கு உரிய ராட்சச எஞ்சின். 'மஸில் கார்' என்று பெயர். பயில்வான் கார் என்று நாம் வைத்துக்கொள்ளலாமே! 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.தான் இந்த வம்சத்தைத் தொடங்கிவைத்தது என்பது பலருடைய அபிப்பிராயம்.

1968-ல் வந்தது பிளிமத் 'ரோட் ரன்னர்'. கார்ட்டூன் படத்தில், துரத்தி வரும் ஓநாய்க்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடுமே ஒரு பறவை, அதன் பெயர்தான். அந்தப் பெயருக்காகவும் படத்துக்காகவும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹாரனை அழுத்தினால் பறவையைப் போலவே 'பீப் பீப்' என்று கத்தும்! ஆரம்ப விலை 2,896 டாலர். உள்ளே ஆடம்பரம் கிடையாது. எஞ்சின் மட்டும் 383 கன அங்குலம், அதாவது சுமார் 6.3 லிட்டர்; 335 குதிரைச் சக்தி. நம் மாருதி 800-ன் எஞ்சினைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு!

இந்தப் பயில்வானுக்குப் பதமாய்ப் பிசைந்து ஊட்டும் தாயார்தான் கார்புரேட்டர். பெட்ரோலை அப்படியே ஊற்றினால் எஞ்சினுக்குச் செரிக்காது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்றைச் சேர்த்துப் பனிபோல் தர வேண்டும். பழைய காலத்து அத்தர்ச் சீசாவில் ரப்பர்க் குமிழை அமுக்கினால் வாசனைத் துளிகள் சிதறுகின்றன அல்லவா? அதே தந்திரந்தான். இடுப்புச் சிறுத்த குழாயில் காற்று வேகமாய்ப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்துச் சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் கிளம்பி வந்து கலக்கிறது. தொட்டி நிரம்பி வழியாதிருக்க உள்ளே ஒரு மிதவை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடு.

ரோட் ரன்னரின் 383 எஞ்சினுக்குக் கம்பெனி வைத்தது கார்ட்டர் ஏ.வி.எஸ். என்ற நான்கு வாய்க் கார்புரேட்டர். ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்தால் எதுதான் தேயாது? வால்வைத் திருப்பும் தண்டின் துவாரங்கள் அகன்று காற்று திருட்டுத்தனமாய் நுழைகிறது. நின்றபடி ஓடும்போது எஞ்சின் இருமுகிறது. புதிதாய் வாங்கலாமென்றால், செயின்ட் லூயி நகரத்துக் கார்ட்டர் தொழிற்சாலை 1980-களிலேயே மூடியாகிவிட்டது.

ஆகவே, அதே வம்சத்து அமைப்பில் எடெல்பிராக் கம்பெனி விற்கும் புதுக் கார்புரேட்டரைப் பலர் வாங்குகிறார்கள். போல்ட் துவாரங்கள் பொருந்துகின்றன; உருவமும் ஏறக்குறைய அதுவே. கூடப்பிறந்த தம்பி என்று சொல்ல முடியாது, ஒன்றுவிட்ட தம்பி!

வாங்கும்போதே ஒரு பேராசை தலைகாட்டும். 650 என்று ஒன்று, 800 என்று ஒன்று இருந்தால் கை பெரியதைத்தான் எடுக்கும். இந்த எண், நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று போகலாம் என்பதன் கணக்கு. 383-ஐ எஞ்சினின் உச்ச வேகமான 5,500 சுற்றால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் சுமார் 610 வருகிறது. அதற்குமேல் அந்த எஞ்சின் மூச்சு இழுக்கப்போவதில்லை. 650 தாராளம். வாய் ரொம்பப் பெரிதானால் காற்று மெதுவாய் நகரும். பெட்ரோல் சரியாக எழும்பாது. பெடலை மிதித்ததும் வண்டி திணறும்.

நாலு நட்டைக் கழற்றி, புதுக் காஸ்கெட் வைத்து, நாலு நட்டை மாட்டினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சங் கொஞ்சமாய் இறுக்க வேண்டும்; ஒரே பக்கம் முறுக்கினால் அடிப்பாகம் விரிந்துபோகும். அதையும் செய்தாயிற்று, எஞ்சினும் இனிமையாய்ப் பாடுகிறது என்று வையுங்கள். ஆபத்து அப்புறந்தான் இருக்கிறது.

ஆட்டோமாடிக் கியர் உள்ள அந்தக் காலத்துப் பிளிமத்தில், கார்புரேட்டரிலிருந்து கியர்ப் பெட்டிக்கு ஒரு கோல் இறங்குகிறது. பெடல் எவ்வளவு மிதிபட்டது என்ற சேதியைக் கொண்டுபோவது அதுதான். அதற்கேற்பத்தான் கியர்ப் பெட்டி தன் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். புதுக் கார்புரேட்டரின் நெம்புகோல் அசலைப் போன்றதல்ல. இதற்கென்று விற்கும் துண்டு ஒன்றைச் சேர்த்தால்தான் கோல் சரியாக இணையும். 'கோல் எட்டவில்லை, போகட்டும்' என்று கழற்றி வைத்துவிட்டால், சேதி போகாமல் அழுத்தம் குறைந்து, உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, வழுக்கி, கருகிப்போகும். கார்புரேட்டரில் மிச்சம் பிடித்தவர் கியர்ப் பெட்டிக்கு அழ வேண்டியதுதான்!

அடுத்தது சோக். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் கதவு அது. அசலில் எஞ்சின் சூடேறச் சூடேற ஒரு சுருள் அசைந்து அதைத் திறக்கும். புதியதில் மின்சாரச் சுருள். அதன் வயருக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் முழு 12 வோல்ட் தேவை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று இக்னிஷன் காயிலில் முடிந்துவிடுகிறார்கள் சிலர். அங்கே ஓடும்போது முழு வோல்ட் வருவதில்லை. சோக் நேரத்துக்குத் திறக்காமல் வண்டி கறுப்புப் புகை கக்கும். பற்றவைக்கும் பொறியும் பலவீனமாகும்.

எல்லாவற்றிலும் பெரியது நெருப்புப் பயம். பெட்ரோல் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 6.5 பவுண்டைத் தாண்டக்கூடாது என்கிறார்கள் தயாரித்தவர்கள். தாண்டினால் மிதவை தோற்றுப் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் வழியும். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரித்துவிடும். குழாயையும் சேர்த்து மாற்றிவிட்டு, தீயணைக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்புவதே விவேகம்.

கடைசியில் இரண்டு பரீட்சைகள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை அடிவரை மிதித்து விட வேண்டும். வால்வு முழுக்கத் திறந்து உடனே தானாக மூடுகிறதா என்று மற்றவர் பார்க்க வேண்டும். திரும்பாமல் சிக்கிக்கொண்டால் 335 குதிரைகளை யார் பிடிப்பது? இன்னொன்று, ஏர் கிளீனர் மூடியின்மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்து, பானெட்டை மெதுவாய்ச் சாத்தித் திறப்பது. நசுங்கியபின் உருண்டையின் உயரம் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் இடைவெளி. எந்தக் கருவியும் இதைவிட நிஜம் சொல்லாது!

சரி, கழற்றிய கிழட்டுக் கார்ட்டர் என்ன ஆவது? பழைய இரும்புக் கடைக்கு மட்டும் அனுப்பிவிடக் கூடாது. அதில் பொறித்த எண்ணையும் சின்னத் தகட்டையும் பார்த்துத்தான் கண்காட்சியில் நடுவர்கள் மார்க் போடுகிறார்கள். வண்டியின் விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். எண்ணெய் தடவி, டப்பாவில் போட்டு, பத்திரப்படுத்தினால் என்றைக்காவது நல்ல கைராசிக்காரர் அதைப் புதுப்பித்துத் தருவார்.

மாற்றுச் சாமான் போட்டு ஓட்டுவதில் குற்றம் எதுவும் இல்லை. ஓடாமல் தூசி படிந்து நிற்கும் அசலைவிட, ஓடுகிற மாற்று எவ்வளவோ மேல். ஆனால் வண்டியை விற்கும் நாளில், "இது மாற்று, அசல் இந்த டப்பாவில் இருக்கிறது" என்று வாங்குகிறவரிடம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கார்புரேட்டர் அசலாக இல்லாவிட்டால் பரவாயில்லை; சொல்லும் வார்த்தை அசலாக இருக்கட்டும்!