தப்பிக்கவும் அவரிடமே கையெழுத்தா?

என் கைடுக்குத் தெரியாமல் வேறொரு கைடிடம் மாற விண்ணப்பித்தேன். துறையில் இதற்கு வைத்த பெயர் துரோகம். மூன்று வருடம் அவர் எனக்குச் சோறு போட்டதைப் போலப் பேசினார்கள். எனக்கு வந்துகொண்டிருந்தது பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை. அது மக்களின் வரிப்பணம், அவருடைய பாக்கெட்டிலிருந்து வந்ததல்ல.

சேர்ந்த முதல் நாள் ‘எந்த ஊர்ப்பா?’ என்றார். சொன்னேன். ‘ஊருக்குள்ளயா, வெளியவா?’ என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என் சாதியைப் பற்றிப் பேசியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. என்னோடு சேர்ந்தவரின் இயல் இரண்டு வாரத்தில் திருத்தி வரும். என் இயல் எட்டு மாதம் அவர் மேசையில் கிடந்தது. அவர்கள் கருத்தரங்குக்குப் போனார்கள், நான் அவர் வீட்டு மின்கட்டணம் கட்டப் போனேன். ‘உனக்கென்னப்பா, அரசாங்கமே மாசாமாசம் கொடுக்குது’ என்பது அவருக்குப் பிடித்த நகைச்சுவை.

சரி, மாறலாம் என்றால் எங்கள் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது? இப்போதைய கைடின் தடையின்மைச் சான்று, புதிய கைடின் ஒப்புதல், துறைத்தலைவரின் பரிந்துரை. அதாவது யாரிடமிருந்து தப்பிக்கிறேனோ அவரே கதவைத் திறந்துவிட வேண்டும். சேரியை விட்டுப் போவதற்குப் பண்ணையாரிடம் அனுமதி கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

‘வெளிப்படையாகப் பேசியிருக்கலாமே’ என்று முற்போக்குப் பேராசிரியர்களே கேட்டார்கள். யூஜிசி விதிப்படி ஒரு பேராசிரியரிடம் எட்டுப் பேர்தான் ஆய்வு செய்யலாம். இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நான்கு. இடம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் முதலில் இவரிடம் சொல்லிவிட்டு, பிறகு எங்கும் இடம் இல்லை என்றால்? அதே மேசைக்குத்தான் திரும்ப வேண்டும். அப்போது என் இயல் மேசையில் இருக்காது, குப்பைக்கூடையில் இருக்கும்.

நான் ரகசியமாகப் போய்ப் பார்த்த மூத்த பேராசிரியர் அன்று மாலையே போன் போட்டு ‘உங்க பையன் ஒருத்தன் வந்தான்’ என்று என் கைடிடம் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து விழவில்லை. கேட்டால் ‘வருகைப்பதிவு பார்க்கணும்’. மூன்று மாதம் விடுதி மெஸ் பாக்கி. ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வரவேண்டியிருந்தது. அந்தக் கணக்கை அந்த மூன்று மாதத்தில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

புகார் கொடுக்கலாம்தான். பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேண்டும் என்று யூஜிசி 2012லேயே சொல்லிவிட்டது. எங்கள் வளாகத்தில் அந்த அலுவலர் என் கைடோடு தினமும் காலையில் வாக்கிங் போகிறவர்.

இன்னொன்று. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் இடம் பெயர்ந்தால், சில நிபந்தனைகளோடு ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்று யூஜிசியின் 2022 விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். கல்யாணம் ஆனால் மனுசர் இடம் மாறுவார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாதியாலும் மாற வேண்டிவரும் என்பது மட்டும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

கைடு மாற்றத்துக்குப் பழைய கைடின் சான்று தேவையில்லை என்று ஆக்க வேண்டும். விண்ணப்பம் நேராக ஆய்வுப் பிரிவுக்குப் போகட்டும். புதிய கைடு உறுதியாகும்வரை பழையவருக்குத் தகவல் போகக் கூடாது. உதவித்தொகைக் கையெழுத்தை கைடின் கையிலிருந்து பிடுங்கி அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும். துறை மாணவர் கூட்டங்களில் இதைப் பேசினால் ‘ஒழுங்கு கெட்டுவிடும்’ என்கிறார்கள். யாருடைய ஒழுங்கு?

ஏழு மாதம் அலைந்து நான் மாறிவிட்டேன். இப்போது தம்பி தங்கைகள் வந்து ‘அண்ணா, சொல்லிட்டு மாறவா, சொல்லாம மாறவா?’ என்று கேட்கிறார்கள். சொல்லாதே என்கிறேன். கொடுத்த ஒவ்வொரு இயலையும் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பி வை. படிவத்தின் நகலை வெளியில் ஒரு தோழரிடம் கொடுத்து வை. யாரைப் போய்ப் பார்க்கிறாயோ அவர் யாருக்குச் சொந்தம் என்று முதலில் விசாரி.