கரிசலுக்கு மேலே 15 நிமிடம்

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். போதாதற்கு, கோவில்பட்டி அருகே கிடக்கும் பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால், தூரத்தையும் நேரத்தையும் யாருக்காக அளக்கிறோம்?

மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய நேர் தெற்கு, 125 கி.மீ.க்குள் முடிந்துவிடும். ஏடிஆர் ரக விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகம் பிடித்தால் 15 நிமிடம். ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்தால் அரை மணிக்குச் சற்று மேலே. அப்படியொரு சேவை இல்லை, தேவையும் இல்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அருப்புக்கோட்டை, பந்தல்குடி. அதற்கும் தெற்கே, எட்டயபுரம் மேற்கில் ஒதுங்க, விளாத்திகுளம் கிழக்கில் ஒதுங்கும். அத்தனையும் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பிழைக்கும் காடுகள்.

இந்தக் கோட்டை ஒட்டித்தான் மதுரை–தூத்துக்குடி புதிய ரயில் பாதை திட்டமிடப்பட்டது, 143.5 கி.மீ. மீளவிட்டான் முதல் மேலமருதூர் வரை 18 கி.மீ. தண்டவாளம் போட்டதோடு சரி. மீதி 125 கி.மீ. காகிதத்தில் கிடக்கிறது. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர், இத்திட்டம் வேண்டாமென்று தமிழக அரசே சொல்லிவிட்டதாகப் பேசினார். மாநில அமைச்சர் சிவசங்கர் மறுத்தார். உடனே, இரைச்சலில் கேள்வி சரியாகக் கேட்கவில்லை, அமைச்சர் சொன்னது தனுஷ்கோடிப் பாதையை என்று விளக்கம் வந்தது. ஒரு வட்டாரமே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பாதையை இப்படியா கையாள்வது?

"கோவில்பட்டி வழியாக 160 கி.மீ.க்கு இரட்டைப் பாதையே இருக்கிறது, 16 கி.மீ. மிச்சத்துக்கு இவ்வளவு செலவா?" என்கிறார்கள். மதுரையில் ஏறித் தூத்துக்குடியில் இறங்குகிறவரை மட்டுமே எண்ணுகிற கணக்கு இது. நாகலாபுரத்தில் ஏற வேண்டியவர் இதில் இல்லை. இதைக் கணக்கென்று ஏற்க முடியாது, இது அலட்சியம்.

அப்படிச் சொல்கிறவர்கள், அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் விளாத்திகுளம் பக்கம் போய்ப் பார்க்கட்டும். உளுந்து மூட்டை ஏற்றிய டிவிஎஸ் 50 காட்டுப் பாதையில் நூறடி நகர்வதற்குள் மட்கார்டுக்குள் கரிசல் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. இறங்கி, குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் தள்ள வேண்டும். தார்ச்சாலைக்கு வந்து, வண்டி பிடித்து, விருதுநகர் கமிஷன் கடைக்குச் சரக்கு போய்ச் சேரும் நேரத்தை எந்த அமைச்சகமும் அளப்பதில்லை.

விமான நிலையம் வந்தால் வளர்ச்சி தானாக வரும் என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. இந்தக் காடுகளை விட்டு இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்துபோவதற்கு இந்த ஒரு பாதை வராததே முதல் காரணம் என்பேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடும்வரை, தென் மாவட்டங்களில் எந்த விமான நிலையத்துக்கும் இனி ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது. மத்திய அரசு அடுத்த பட்ஜெட்டிலேயே முழுத்தொகையையும் வைக்க வேண்டும். மாநில அரசு நிலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியை வெளியே சொல்ல வேண்டும்.