தவணைக்குள் மறைந்திருக்கும் வட்டி

செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது நெடுநாளைய ஆசை. "மாதம் பதினெட்டாயிரம்தானே!" என்று எவரேனும் வங்கிக் கடனுக்கு வழிகாட்டும்போது, சற்றே நின்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

20 இலட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். முதல் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,995 மட்டுமே. ஏறத்தாழ 14 ஆண்டுகள் கட்டிய பின்னரே அசலில் பாதி தீரும். முடிவில் செலுத்தியிருப்பது 43 இலட்சத்திற்கும் மேல்! அதுவரை வீடு அடமானத்தில் இருக்கும்.

இறைவன் வட்டியை விலக்கியதன் காரணம் இக்கணக்கிலேயே விளங்கவில்லையா?

இஸ்லாமிய வங்கி முறையைக் கொணரும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017-இல் கைவிட்டது. ஆகவே சிறிய மனை, சிறுகச் சேர்த்த பணம், உறவினர் தரும் அழகிய கடன், ஜமாஅத்தின் பைத்துல்மால் ஆகியவற்றையே முதலில் நாடுங்கள். வசதி படைத்தோரே, உங்கள் கடமையும் இதில் உண்டு.

முன்பே கடனில் சிக்கியோர் கவனிக்க: மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. கைக்கு வரும் தொகையை அசலில் செலுத்தி விரைவில் மீளுங்கள்.

கடனை எழுதிக்கொள்ளப் பணித்தது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். எழுதியதைப் படித்துணராமல் ஒப்பமிடுவது தகுமா? கடன் சுமையிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக!