பிரிண்டர் மேல் பழி போடாதீர்கள்!



பிராஜெக்ட் ஒப்படைக்கும் வாரம் வந்துவிட்டால் லேபில் ஒரே கூச்சல்தான். "ஸ்கிரீன்ல அகலமாத்தான்டா தெரியுது, பிரிண்ட் எடுத்தா நெட்டுக்குத்தல் நிக்குது!" உடனே பிரிண்டர் அவுட் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒருவன் பிரிண்டரை அணைத்துப் போடுவான். இன்னொருவன் டிரேயில் தாளைக் குறுக்கே திருப்பி வைப்பான். தாளைத் திருப்பினால் எழுத்து திரும்பிவிடுமா என்ன?

பாவம் அந்த பிரிண்டர். அது சொன்னதைச் செய்கிறது. எம்.எஸ். ஆக்சஸில் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தன் பேஜ் செட்டப்பைத் தானே வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலுக்குப் போய் பிரிண்டருக்கு லேண்ட்ஸ்கேப் என்று கொடுத்தாலும், ரிப்போர்ட் போர்ட்ரெய்ட் என்று கேட்டால் போர்ட்ரெய்ட்தான் வரும். ரிப்போர்ட்டை டிசைன் வியூவில் திறந்து, பேஜ் செட்டப்பில் மாற்றி, சேவ் செய்ய வேண்டும். ஒரு ரிப்போர்ட்டுக்குள் சப் ரிப்போர்ட் வைத்திருந்தால் வெளியே இருப்பதன் பேச்சுதான் எடுபடும். உள்ளே இருப்பதற்கு லேண்ட்ஸ்கேப் கொடுத்துப் புண்ணியமில்லை.

இதற்குப் பிறகுதான் பெரிய தொல்லை. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. லேண்ட்ஸ்கேப்பில் 297 அகலமாகிறது. இருபுறமும் 25 மி.மீ. மார்ஜின் போனால் மிச்சம் 247. ரிப்போர்ட்டின் அகலம் 250 என்று இருந்தால்? கூடுதல் வெறும் 3 மி.மீ.தான். ஆனால் அதற்காக ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாள் வந்து விழும். 40 பக்கம் 80 ஆகும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கடையில் காசு கொடுத்து எடுப்பவனுக்குத்தான் அந்த வலி தெரியும்! அகலத்தைக் குறைக்கப் போனாலும் சில சமயம் குறையாது. பேஜ் ஹெடரில் அழகுக்காக இழுத்துவிட்ட ஒரு கோடு, அல்லது வலது மூலையில் பக்க எண்ணுக்கு வைத்த பெட்டி வழியை மறிக்கும். முதலில் அதைச் சுருக்க வேண்டும்.

"இப்ப எல்லாம் பி.டி.எஃப். தானே, தாள் எதுக்கு?" என்று கேட்கலாம். பி.டி.எஃப்.பிலும் அதே அகலம், அதே வெற்றுப் பக்கம்தான்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும். எங்கள் அப்பா வேலை பார்க்கும் இடத்தில் சம்பளப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பெயர், வேலை நாள், கூலி, ஓ.டி. ஒரு தாளில்; பிடித்தமும் கைக்கு வரும் தொகையும் அடுத்த தாளில். அந்த இரண்டாம் தாளில் பெயரே கிடையாது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தன் பெயர் எத்தனையாவது வரி என்று எண்ணி, விரலை வைத்துக்கொண்டே அடுத்த தாளுக்குப் போவார். ஒரு வரி தவறினால் அடுத்த ஆளின் பிடித்தத்தைத் தன்னுடையது என்று நினைத்துப் பதறுவார். அந்த புரோகிராமை எழுதியவரின் ஸ்கிரீனில் எல்லாம் வரிசையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஃபாக்ஸ்புரோ காலத்துச் சீனியர்களுக்கு 80 காலம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கூடுதல் காலம் வேண்டுமென்றால் சி.எச்.ஆர். 15 அனுப்பி எழுத்தை நெருக்குவார்கள். அதனால் எது எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டியே எண்ணித்தான் ஆக வேண்டும். நமக்கு மவுஸ் இருக்கிறது, இழுத்துவிடுகிறோம்.

டேபிள் போடுவதற்கு முன்பே ஒரு ஏ4 தாளை எடுத்து, யார் கையில் இது போகும், அவருக்கு எந்தக் காலம் வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கலாமே. பதினான்கு காலத்தில் ஆறு தானாகவே உதிர்ந்துவிடும். அப்புறம் லேண்ட்ஸ்கேப்பே தேவைப்படாமலும் போகலாம். வைவாவில் எக்ஸ்டர்னல் ஸ்கிரீனைப் பார்க்குமுன் பிரிண்ட் எடுத்த தாளைக் கேட்கட்டும். அதற்கென்று ஐந்து மார்க் ஒதுக்கச் சொல்லி நம் சங்கமே துறைத்தலைவரிடம் கேட்டாலும் நல்லதுதான்.