சாவிக்கொத்தும் காசநோய் மாத்திரையும்

போன மாதம் எங்கள் பீரோ சாவி தொலைந்துபோச்சு. பழைய சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பி.பார்ம் படிக்கும் என் அக்கா மகன், "சித்தி, மருந்து கண்டுபிடிக்கிறவங்களும் இதைத்தான் செய்யறாங்க!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை ரயில் தாண்டும்போதெல்லாம் என் நாத்தனார் ஞாபகம்தான். அவளுக்குக் காசநோய் கண்டு, மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதமே இருமல் நின்றது. ஆறு மாதம் சாப்பிட வேண்டியது. "உடம்பு சூடு தாங்கலை, அண்ணி" என்றாள். நானும், "கொஞ்ச நாள் விட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டேன். நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைகள் கேட்கவில்லை.

அக்கா மகன் விளக்கினான். கிருமியின் உடம்பிலும் நம் உடம்பிலும் என்ஸைம்கள் பூட்டு மாதிரி. அதற்குள் மருந்து போய் மாட்டிக்கொண்டால் அதன் வேலை நின்றுவிடும். எந்தச் சேர்மம் எந்தப் பூட்டை அடைக்கும் என்று தெரிந்தவற்றைத் தனிக் கொத்தாகவே ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கிறார்களாம். கிருமி எதற்கு மடங்குகிறது என்று பார்த்தால், எந்தப் பூட்டைக் குறிவைப்பது என்பது புரிந்துவிடும். ஆனால் ஒன்று, அந்தச் சாவி நம் உடம்பின் பூட்டுகளில் மாட்டக் கூடாது!

சில சமயம் சாவி முதலில் கிடைக்கும், பூட்டு பிறகுதான் தெரியும். காசநோய்க் கிருமியின் சாதுவான சொந்தக்காரக் கிருமி ஒன்றின்மேல் சுமார் 70,000 சேர்மங்களைப் போட்டுப் பார்த்துத்தான் பெடாகுவிலின் வழியைப் பிடித்தார்கள். 2005-ல் அதை வெளியிட்டார்கள். கிருமிக்குச் சக்தி தயாரிக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற என்ஸைமை அது அடைக்கிறது. நமக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. அதைத் தடுக்கப் பல்லாயிரம் மடங்கு மருந்து வேண்டுமாம். அப்படியும் இதயத் துடிப்பில் மாறுதல் வரலாம் என்பதால் அவ்வப்போது ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, 2016-ல் நம் நாட்டுக்கு வந்தது.

அந்த மாத்திரையும் கூட வேறு சிலவும் சேர்ந்துதான் என் நாத்தனாரைக் காப்பாற்றின. இந்தத் தடவை தினமும் காலண்டரில் நானே கோடு போட்டேன்.

சகோதரிகளே, பாதியில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி தன் பூட்டையே மாற்றிக்கொள்கிறது. பிறகு பழைய சாவி உதவாது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள்; அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். என்னை மாதிரி நீங்களே யோசனை சொல்லாதீர்கள்.

எங்கள் பீரோவுக்குச் சாவி செய்கிறவர் வந்து அரை மணியில் புதுச் சாவி போட்டுக்கொடுத்தார். காசநோய்க்குப் புது வகைச் சாவி ஒன்று கிடைக்க 40 வருஷம் ஆயிற்று.