இன்வெர்ட்டரும் எங்கப்பா தறியும்

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கறதெல்லாம் ஒரு விஷயமா, அதுக்கு ஒரு பதிவான்னு கேக்கறவங்க இப்பவே அடுத்த வேலையப் பாக்கப் போயிடலாம் :-) மத்தவங்க ஒரு டீ எடுத்துட்டு வாங்க. கொஞ்சம் நீளம்.

ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டம். வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும், அரிசியும் பட்டும். அப்பா பட்டுத் தறி நெய்யறவர். நான் சென்னையில பொட்டி தட்டறவன். மாசத்துல ஒரு வாரம் ஊர்லருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல புண்ணியம் கட்டிக்கிட்டாங்க. ஆனா அந்த வாரத்துலதான் கரெக்டா மாதாந்திரப் பராமரிப்பு வரும். காலைல 9 மணிக்குப் போற கரண்டு சாயங்காலம்தான் வரும். மேனேஜர் பேசிட்டு இருக்கும்போதே நான் காணாமப் போயிடுவேன். ரெண்டு மூணு தடவை ஆனதும் வெறுத்துப் போய் இன்வெர்ட்டர் வாங்கிட்டேன். 12 வோல்ட், 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரி.

எலெக்ட்ரீஷியன் வந்து ஹால், பெட்ரூம், சமையக்கட்டு, வைஃபைன்னு லைன் பிரிச்சுக்கிட்டு இருந்தார். நான் பக்கத்துல நின்னு பெரிய இன்ஜினியர் மாதிரி யோசனை சொல்லிட்டு இருந்தேன். தறிக்குழியில உக்காந்திருந்த அப்பா நாடாவை நிறுத்திட்டுக் கேட்டார்.

"ஏண்டா, தறிக்கு ஒரு லைன் உட்டியா?"

விடலைங்க. மறந்தே போயிட்டேன். யாரு மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

2012ல நான் பத்தாவது. அந்த வருஷம் தமிழ்நாடு இருந்த நிலைமை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2008லயே ஆரம்பிச்ச மின்வெட்டு, 2012 கடைசியில உச்சத்துக்குப் போச்சு. பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னையில அறிவிச்ச வெட்டு 2 மணி நேரம். வெளி மாவட்டங்கள்ல பத்து, பன்னெண்டு மணி நேரம், அதுக்கு மேலயும் போச்சு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பாவு ஓட்டறவங்க, தார் சுத்தறவங்க, நெய்யறவங்கன்னு தெருவே கடிகாரத்தைப் பாத்து வேலை செஞ்சது.

கைத்தறிக்கு எதுக்குக் கரண்டுன்னு சிலர் கேப்பாங்க. கையும் காலும் ஓட்டற தறிதான். ஆனா கண்ணு வேணுமே! தலைமுடியை விட மெல்லிசான இழை, ஆயிரக்கணக்குல. ஒண்ணு அறுந்தா அதைக் கண்டுபிடிச்சு முடி போடணும். விட்டுட்டா சேலையில கோடு விழும். கூலி சேலைக்குத்தான், மணிக்கு இல்ல. மெழுகுவத்தி வைக்கலாம்னா ஒரு சொட்டு பட்டு மேல விழுந்தா போச்சு. மண்ணெண்ணெய் விளக்குன்னா புகை. தறி இருக்கற இடமோ வீட்லயே இருட்டான மூலை. பகல்லயே லைட் இல்லாம அங்க சரியாத் தெரியாது.

பக்கத்து வீட்டு மாமா அரிசி மண்டி வெச்சிருந்தார். எங்க தெருவுல முதல்ல இன்வெர்ட்டர் போட்டது அவர்தான். ஒரு நாள் அவரே கூப்பிட்டு, மதில் மேல ஒரு ஒயரை இந்தப் பக்கம் விட்டார். அதோட நுனியில ஒரு 15 வாட் சிஎஃப்எல். தறி மேல தொங்கும். அப்பா நெய்வார். நான் தறிக்குப் பக்கத்துல பாய் போட்டுக் கணக்குப் போடுவேன். என் பத்தாவது பரீட்சைக்குப் பாதி அந்த ஒயர்லதான் படிச்சேன்.

ஒரு ஆறு மாசம் ஓடியிருக்கும். மாமா வந்து தயங்கித் தயங்கி, "பேட்டரி நிக்க மாட்டேங்குதுப்பா, வீட்ல ஃபேனே ஒரு மணி நேரம்தான் ஓடுது"ன்னார். அப்பா "அதுக்கென்னங்க"ன்னு சொல்லி, தானே ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைக் கழட்டிச் சுருட்டிக் கொடுத்தார். மாமா மேல எனக்கு அன்னிக்கும் கோபம் இல்ல, இன்னிக்கும் இல்ல. அவர் கொடுத்ததே பெருசு. ஆனா அதுக்கப்புறம் அப்பாவோட கடிகாரம் மாறிப்போச்சு. ராத்திரி 2 மணிக்குக் கரண்டு வந்தா எழுந்து தறியில உக்காருவார். 3 மணிக்குப் போனா மறுபடி படுப்பார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

இன்வெர்ட்டர் கரண்டு தயாரிக்காது. சோலார் இல்லாத இன்வெர்ட்டர்ங்கறது வீட்ல கட்டற சம்ப் மாதிரி. குழாயில தண்ணி வர்றப்ப புடிச்சு வெச்சுக்கறோம், நின்னதும் அதிலருந்து எடுத்துக்கறோம். எல்லார் வீட்லயும் குழாய்ல தண்ணி தாராளமா வந்தா சம்ப்னால யாருக்கும் கஷ்டமில்ல. தண்ணியே பத்தாத ஊர்ல நாலு வீடு சம்ப் கட்டி மோட்டார் போட்டு உறிஞ்சினா, தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டு சொட்டாத்தான் வரும். இதை நாம எல்லாரும் பாத்திருக்கோம், திட்டியும் இருக்கோம். கரண்டு விஷயத்துல மட்டும் கண்ணுக்குத் தெரியலைங்கறதால திட்டறதில்ல.

கணக்கே போட்டுடறேன், பொட்டி தட்டறவன் புத்தி. 150 ஏஹெச்சை 12 வோல்ட்டால பெருக்கினா 1,800 வாட் ஹவர். ஆனா அந்த 150ங்கற நம்பர் 20 மணி நேரம் மெதுவா எடுத்தாத்தான் கிடைக்கும். வேகமா எடுத்தா குறையும். லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் அடி வரைக்கும் காலி பண்ணினா சீக்கிரம் செத்துடும். அதனால 60 சதவீதம்னு வெச்சுப்போம். இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தையும் கழிச்சா கைக்கு வர்றது சுமார் 900 வாட் ஹவர், அதாவது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. இதை மறுபடி நிரப்ப, சார்ஜர்லயும் பேட்டரிக்குள்ளயும் சூடாப் போறதைச் சேர்த்தா லைன்லருந்து ஒன்றரை யூனிட்டுக்கு மேல இழுக்கும். லித்தியம்னா நஷ்டம் கம்மி. ஆனா 2012ல எங்க தெருவுல லித்தியத்துக்கு எங்க போறது?

இன்னொண்ணு. சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு இன்வெர்ட்டரும் சுமார் 250 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கங்க. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ 100 இன்வெர்ட்டர் இருந்தா 25 கிலோவாட். கரண்டு வந்த அந்த நிமிஷமே நூறும் ஒண்ணா இழுக்கும். அதே நிமிஷத்துக்காகத்தான் அப்பா காத்துட்டு இருப்பார், லோ வோல்டேஜ்ல மினுக்கற ட்யூப்லைட்டைப் பாத்துக்கிட்டு. ஏற்கெனவே பத்தாத கரண்டுல, இன்வெர்ட்டர் வெச்சவர் ஒரு யூனிட்டைப் பயன்படுத்த ஒன்றரை யூனிட்டுக்கு மேல எடுத்துக்கிட்டார். வைக்காதவர் அதுக்கும் சேர்த்து இருட்டுல இருந்தார். யாரும் வேணும்னு செய்யல. ஆனா நடந்தது அதுதான்.

இதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. "கரண்டு போச்சா? எங்களுக்குத் தெரியவே இல்லையே!" இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. முதல்ல தெருவே ஒண்ணா இருட்டுல நின்னுச்சு. ஒண்ணா வெளிய வந்து உக்காந்தாங்க, ஒண்ணா திட்டினாங்க, ஒண்ணா போய்க் கேட்டாங்க. ஒவ்வொரு வீடா இன்வெர்ட்டர் வந்ததும் கேக்கறவங்க எண்ணிக்கை ஒவ்வொண்ணா குறைஞ்சது. எந்த வீட்டுக்காரர் பேச்சு ஆபீஸ்ல எடுபடுமோ அவங்க வீடுதான் முதல்ல வெளிச்சமாச்சு. கடைசியில தெருவுல மிச்சம் நின்னது தறிக்காரங்க மட்டும்.

அந்த மின்வெட்டு எப்படித் தீர்ந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. நாம வாங்கின லட்சக்கணக்கான பேட்டரியால இல்லைங்க. புது அனல் மின் நிலையங்கள் வந்துச்சு. 2013 அக்டோபர்ல கூடங்குளம் முதல் உலை கிரிட்ல சேர்ந்தது. 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியா தென்னிந்திய கிரிட் மத்த நாட்டோட இணைஞ்சது. அதுக்கு முன்னாடி வடக்க உபரி இருந்தாலும் இங்க கொண்டு வரப் போதுமான பாதை இல்ல. நிலையமும் கம்பியும் வந்தப்பதான் எல்லார் வீட்லயும் ஒண்ணா விளக்கு எரிஞ்சது. பொதுவுல வந்த கஷ்டம் பொதுவுலதான் தீர்ந்தது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. தென்னாப்பிரிக்காவுலயும் 2007, 2008லருந்தே மின்வெட்டு. 2023 அங்க ரொம்ப மோசமான வருஷம். வசதி இருந்தவங்க பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினாங்க, இல்லாதவங்க மெழுகுவத்தி வாங்கினாங்க. கடல் தாண்டினாலும் அதே தெருதான்.

அப்ப இன்வெர்ட்டரே வாங்கக் கூடாதான்னு சண்டைக்கு வராதீங்க. நானே வாங்கியிருக்கேனே! வயசானவங்க, கைக்குழந்தை, உடம்பு முடியாதவங்க இருக்கற வீட்ல அவசியம். வீட்லருந்து வேலை செய்யறவனுக்கும் அவசியம். இன்னிக்கு 2012 மாதிரி பற்றாக்குறையும் இல்ல. எப்பவாவது அரை நாள் போற கரண்டுக்கு நான் பேட்டரி வெச்சா யார் தலையிலயும் பெருசா ஏறாது. ஆனா அதோட எல்லை தெரிஞ்சு வாங்கணும். 2024 டிசம்பர் ஃபெங்கல் புயல் மழையில எங்க மாவட்டமே தத்தளிச்சது. எங்க தெருவுல ஒன்றரை நாள் கரண்டு இல்ல. சோலார் இல்லாத இன்வெர்ட்டர் எல்லாம் அஞ்சாறு மணி நேரத்துல படுத்துடுச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் சமம் :-) எங்க வீட்ல தறிக்குழியில தண்ணி ஊறி, அப்பா சொம்பால மொண்டு மொண்டு ஊத்திட்டு இருந்தார்.

சோலார் போடேன்னு நண்பர்கள் சொல்றாங்க. எங்களது ஓட்டு வீடு, பக்கத்துல மாடி வீட்டு நிழல். அதோட, பேட்டரி இல்லாம கிரிட்டோட மட்டும் இணைக்கற சோலார், கரண்டு போனா தானும் நின்னுடும். லைன்ல வேலை செய்யறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் செய்யறாங்க. மேல பேனல் பளபளக்க, கீழ இருட்டுல உக்காந்திருப்பீங்க. இதைக் கேட்டுட்டு வாங்குங்க.

மறுபடி அந்த 900 வாட் ஹவருக்கு வர்றேன். என் லேப்டாப், வைஃபை, ரெண்டு பிஎல்டிசி ஃபேன், மூணு எல்இடி எல்லாம் சேர்த்தா 160 வாட். அஞ்சரை மணி நேரம் வரும். ஒரு தறிக்கு நல்ல எல்இடி 20 வாட் போதும். அஞ்சு மணி நேரத்துக்கு 100 வாட் ஹவர். அதாவது, நான் மீட்டிங்ல தலையாட்ட வெச்சிருக்கற பேட்டரியில ஒன்பது தறி அஞ்சு மணி நேரம் ஓடும். ஒன்பது குடும்பத்தோட அரை நாள் கூலி. இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

என் கருத்து இதுதான். கைத்தறிக்காரங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் அரசு தருது. 2023ல 200லருந்து ஏத்தினாங்க. நல்ல விஷயம். ஆனா கரண்டே இல்லாத நேரத்துல இலவச யூனிட்டை வெச்சு என்ன பண்றது? தறிக்கு ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் ஒரு எல்இடியும் கொடுத்தா முடிஞ்சது. என் ஒரு செட்டு விலையில நாலைஞ்சு தறிக்காவது வாங்கிடலாம். அச்சு, ஜக்கார்டு மாதிரி அதையும் தறி உபகரணமாவே சேர்த்துக் கொடுக்கட்டும். பேட்டரி யாருக்கு முதல்லன்னா, கரண்டு போனா யார் கூலி போகுதோ அவங்களுக்கு முதல்ல.

எங்க வீட்டுக் கதையை முடிச்சுடறேன். எலெக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு, முதல் லைனைத் தறிக்கு இழுத்தோம். பெட்ரூம் ஃபேனைக் கழட்டிட்டேன். மறுநாள் பின்வீட்டு அக்கா வந்தாங்க. அவங்களும் தறிதான். "தம்பி, எங்களுக்கு ஒரு ஒயர் உட முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடறேன்க்கான்னு சொல்லத்தான் வாய் வந்தது. ஆனா மதில் மேல ஒயர் மழையில நனைஞ்சா ஆபத்து. அவங்க வீட்டு ஒயரிங்கோட யாராவது கோத்துட்டா, லைன்ல கரண்டு இல்லைன்னு நம்பிக் கம்பத்துல ஏறினவர் உயிருக்கே ஆபத்து. அதைச் சொல்லிட்டு, உள்ளயே பேட்டரி இருக்கற எல்இடி பல்பு ரெண்டு வாங்கிக் கொடுத்தேன். மூணு மணி நேரம் எரியும். அக்கா சந்தோஷமாத்தான் வாங்கிட்டுப் போனாங்க.

எனக்குத்தான் மனசு ஒட்டல. அந்தப் பல்புல பேட்டரி ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அப்புறம் நான் ஊர்ல இருப்பேனா, ஞாபகம் வெச்சிருப்பேனா? மாமா ஒயரும் இப்படித்தான் வந்தது, இப்படித்தான் போச்சு. ஒரு தறிக்கு வெளிச்சம் பக்கத்து வீட்டுக்காரன் நல்ல மனசுல தொங்கக் கூடாதுங்க.

டிஸ்கி: பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்த மறக்காதீங்க, குழாத்தண்ணி ஊத்தாதீங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காத்தோட்டமான இடத்துல வைங்க. பழைய பேட்டரியைக் காயலான் கடையில போடாம, புதுசு வாங்கற கடையிலயே திருப்பிக் கொடுங்க. உள்ள இருக்கறது ஈயம்.