யோபுவின் வழக்கும் கடவுளின் நன்மையும்

எபிரேய மறைநூல் காட்டும் கடவுள் முற்றிலும் நல்லவரா? சங்கீதம் 145ஐ முன்வைத்து ‘ஆம்’ என்பார் ஒரு சாரார். பெருவெள்ளத்தையும் கானான் போர்களையும் சுட்டி ‘இல்லை’ என்பார் மறுசாரார். பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிய தொகுப்பை ஒரே குரலில் பேசும் நூலாகக் கொள்வதே இரு சாராரின் பிழை.

தாவீது மக்கள்தொகையைக் கணக்கிட்ட நிகழ்ச்சியை நோக்குக. 2 சாமுவேல் 24இல், சினமுற்ற யாவே தாமே அவனைத் தூண்டுகிறார். பின்னர் அச்செயலுக்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் மடிகின்றனர். பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் எழுந்த 1 நாளாகமம் 21இல் தூண்டுபவன் சாத்தான். மடிந்தோர் தொகை மாறவில்லை. பழி ஏற்பவர் மாறிவிட்டார். கடவுள்மீது தீமையைச் சுமத்தத் தயங்கும் மனம் நவீன காலத்தின் விளைவன்று. மறைநூலுக்குள்ளேயே அது இயங்குகிறது.

ஏசாயா 45:7 ஒளி, இருள், அமைதி ஆகியவற்றோடு ‘ரா’வையும் படைப்பவர் யாவே என்கிறது. பேரிடர், அறக்கேடு ஆகிய இரண்டையும் குறிக்கவல்லது அச்சொல். அமைதிக்கு எதிராக நிற்பதால் இங்கு அது பேரிடரையே குறிக்கும் எனலாம். ஆயினும் யூதரின் காலை வழிபாடு இவ்வடியை ஏற்றபோது, அச்சொல்லின் இடத்தில் ‘அனைத்தையும்’ என்று அமைத்துக்கொண்டது. தல்மூத் இம்மாற்றத்தை மறைக்காமல் விவாதிக்கிறது. வழிபாட்டில் சொல் மாறியது. மறைநூலில் அது அப்படியே நிற்கிறது.

கடவுளின் நன்மையைப் போற்றும் பகுதிகள் ஒப்புக்குச் சொல்லப்பட்டவை என்று இதற்குப் பொருளன்று. சோதோமுக்காக ஆபிரகாம் வாதாடுவது, உலகின் நீதிபதி நீதி செய்யக் கடமைப்பட்டவர் என்ற நம்பிக்கையால்தான். கடவுள் நல்லவர் என்ற எதிர்பார்ப்பு இல்லையெனில் முறையீட்டுக்கே இடமில்லை. ஆகவே, இம்மரபில் நன்மை என்பது கடவுளைப் புகழும் அடைமொழி மட்டுமன்று. அவரிடமே நியாயம் கேட்பதற்கான அளவுகோலும் ஆகும்.

யோபுவின் நண்பர்கள் கடவுளின் நீதியைக் காக்க முனைந்து, துன்புறுபவனைக் குற்றவாளியாக்கினர். யோபுவோ கடவுளோடு வழக்காடினான். கடவுளின் மறுமொழி அவனையும் கடுமையாகவே வினவுகிறது. ஆயினும் 42ஆம் அதிகாரத்தில், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபு என்றும், நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் கடவுளே கூறுகிறார்.

கடினமான பகுதிகளை மென்மையாக்கும் உரையாசிரியர்கள் இத்தீர்ப்பை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கடவுளுக்காக வாதாடும் அவசரத்தில் அவர்கள் முதலில் அடக்குவது, துன்புறுவோரின் குரலையே.